நாயை அனுப்பிவிட்டால் உண்ணி போய்விடுமா?

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்:

வாடகை வீட்டின் மாடியில் மாமியார், 7 வயது மகள், 4 வயது மகன் ஆகியோருடன் அவர் வசிக்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. 3 வயதான, 18 கிலோ எடையுள்ள சிப்பிப்பாறைக் கலப்பு நாயான கருவாயனும் ஒரு பூனையும் வீட்டில் வளர்கின்றன. பங்குனி மாதத்திலிருந்து நாயின் உடலில் உண்ணியும் தெள்ளும் பெருகிவிட்டன. வேப்பெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தடவிப் பார்த்தார்கள். தோல் சிவந்ததுதான் மிச்சம். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஒரு சனிக்கிழமை முதுகில் விட்டு, மறுநாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினார்கள். மூன்று நாளில் உண்ணி திரும்பிவிட்டது. மாட்டுக்குப் போடும் ஊசியைப் போடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும், பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம் என்று இன்னொருவரும் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உண்ணிகள் சுவரில் ஏறுகின்றன. விட்டத்தின் ஓரத்திலும் படத்துக்குப் பின்னாலும் தென்படுகின்றன. சென்ற வாரம் மகளின் காதுக்குப் பின்னால் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. மாமியார் அதைப் பிடுங்கி நகத்தால் நசுக்கினார். 'உண்ணிக் காய்ச்சல்' பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரர், "நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்கிறார். நாய் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை என்பதையும், குட்டியாக இருந்தபோது அதற்கு ஒருமுறை வலிப்பு வந்தது என்பதையும் இடையில் குறிப்பிட்டிருக்கிறார். கருவாயனை யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் வழியா என்றும், வைத்துக்கொள்ளலாம் என்றால் பழையபடி அவனைப் பிள்ளைகளின் பாயருகே படுக்க விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. "இரண்டு நாளாகச் சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உடல் முழுதும் உண்ணி ஏறிய நாய் ஒன்று சோற்றை வெறுத்துப் படுத்தால், அதை வெயில் சோர்வு என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே உண்ணியை எப்படி ஒழிப்பது என்பதற்கு முன்னால் நாயின் இரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது

நம் ஊர் வீடுகளில் நாயைப் பிடிக்கும் உண்ணி பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. ரைபிசெபாலஸ் சாங்குனியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இரத்தம் குடிப்பதோடு இது நிற்பதில்லை. ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு எர்லிக்கியா என்ற பாக்டீரியாவையும், பபேசியா என்ற ஓரணு ஒட்டுண்ணியையும் இது கொண்டுசேர்க்கிறது. எர்லிக்கியா வெள்ளணுக்களுக்குள் குடியேறி, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. பபேசியா சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்குகிறது. காய்ச்சல், பசியின்மை, கழுத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் நெறி கட்டுதல், வெளிறிய ஈறு, வயிற்றுத் தோலில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம் வடிதல், காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கருவாயனின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கருநிற நாய்களுக்கு ஈறும் கறுத்திருப்பதுண்டு. அப்படியிருந்தால் கண்ணின் கீழிமையை மெல்லக் கீழே இழுத்து, உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் நாளை என்று தள்ளிப்போட வேண்டாம்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையோடு கூடிய முழு இரத்தப் பரிசோதனையும், காது நுனியிலிருந்து எடுத்த சொட்டு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் இரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருநெல்வேலி, நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் சென்னை வேப்பேரியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நோய் முற்றிய நாய்களை நாங்கள் அங்கேதான் அனுப்புகிறோம். ஆனால் முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையில்லை.

எர்லிக்கியா என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாட்கள் கொடுப்பதுதான் வழக்கம். இதில் இரண்டு தவறுகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்த அட்டையைத் தாமாகவே கொடுத்துவிடுவது ஒன்று. நோய் பபேசியாவாக இருந்தால் அந்த மாத்திரை மட்டும் போதாது, அதற்கு வேறு மருந்து வேண்டும். இதற்கிடையில் விலைமதிப்பற்ற நாட்கள் வீணாகிவிடும். மூன்றாம் நாள் நாய் எழுந்து வாலாட்டியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மற்றொன்று. எர்லிக்கியா வெளியே தெரியாமல் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூட, உடலுக்குள் பதுங்கியிருக்கும். பிறகு எலும்பு மஜ்ஜையைத் தாக்கித் திரும்பி வரும்போது எங்களால் செய்யக்கூடியது மிகவும் குறைவு. வெறும் வயிற்றில் கொடுத்தால் இந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால் சோற்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிய அச்சம்

அடுத்து உங்கள் மகளுக்கு வருவோம். 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாள்கள் பெரும்பாலும் எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயைத்தான். அதைப் பரப்புவது உங்கள் நாயின் மேல் இருக்கும் உண்ணி அன்று. புதரிலும் புல்வெளியிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரின் இளம்பருவம் கடிப்பதால் வருவது அது. பெயர் ஒன்றாக இருப்பதால், அந்தச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எத்தனையோ வளர்ப்பு நாய்கள் தெருவில் விடப்படுகின்றன என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயும் அப்படித்தான். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கண்டறியப்பட்ட அந்த நோய், காட்டில் வாழும் வேறொரு வகை உண்ணியால் பரவுவது.

இதனால் நாய் உண்ணி மனிதருக்குத் தீங்கே செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய உண்ணி டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்புவதில் இந்தப் பழுப்பு நாய் உண்ணிக்குப் பங்கு உண்டு. எல்லா உண்ணியிலும் அந்தக் கிருமி இருப்பதில்லை. கடிபட்டவர் எல்லோரும் நோயுறுவதும் இல்லை. எனவே பதற வேண்டாம், கவனித்தால் போதும். கடித்த நாளை ஒரு தாளில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் மகளுக்குக் காய்ச்சல், கடுமையான தலைவலி, உள்ளங்கையும் உள்ளங்காலும் உட்படப் பரவும் சிவந்த தடிப்புகள், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஆகியவற்றுள் எது வந்தாலும் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "இந்தத் தேதியில் இவளை உண்ணி கடித்தது" என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் மருத்துவர் டெங்குவையும் டைபாய்டையும் தேடிக்கொண்டிருக்க நேரலாம். காரணம் தெரிந்துவிட்டால் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

மாமியாரிடம் பக்குவமாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள். உண்ணியை நகத்தால் நசுக்கக் கூடாது. அதன் உடலுக்குள் இருக்கும் கிருமி விரல் கீறல் வழியாக நமக்குள் நுழையக்கூடும். தீக்குச்சியால் சுடுவதும் அதன் மேல் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல், ஒரே சீராக நேராக இழுக்க வேண்டும். எடுத்ததைச் சோப்புக் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மூடிவிட்டு, கடித்த இடத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி ஆமணக்கு முத்தைப் போலவே இருக்கும். ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் ரிசினஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். அப்படிப் பருத்த ஒன்று தரையில் ஊர்வதைப் பார்த்தால் தவறாமல் எடுத்துவிடுங்கள். அது முட்டையிட இடம் தேடித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சொட்டு மருந்து போலியா?

'காசு கொடுத்து வாங்கியது போலி மருந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருந்தது ஃபிப்ரோனில் என்று பெட்டியைப் பார்த்துக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது தோலின் எண்ணெய்ப்பசையில் கரைந்து உடல் முழுதும் பரவி வேலை செய்யும் மருந்து. போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் போட்ட பிறகு இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. நீங்கள் மறுநாளே ஷாம்பு போட்டதில், பரவ வேண்டிய மருந்தும் அதைத் தாங்க வேண்டிய எண்ணெய்ப்பசையும் ஒன்றாகக் கழுவப்பட்டுவிட்டன. மயிரை விலக்கித் தோலின் மேல் விடாமல் மயிரின் மேலேயே விட்டிருந்தாலும் இதே கதைதான். இதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். நாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் குளிப்பாட்டினீர்கள். ஆனால் நாயை அடிக்கடி குளிப்பாட்டுவதால் உண்ணி போவதில்லை என்பதையும் இத்துடன் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயை இனி எந்தக் கலவையிலும் பயன்படுத்தாதீர்கள். அது தோலைப் பொசுக்கும். நாய் அதை நக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வேப்பெண்ணெய்க்குப் பூச்சிகளை விரட்டும் குணம் ஓரளவு உண்டு என்றாலும், சுவரேறும் அளவுக்குப் பெருகிவிட்ட உண்ணியை அது ஒழிக்காது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி நாயின் உண்ணிக்கு நம்பகமான மருந்து அன்று. மாட்டுக்கென்று செறிவாகத் தயாரித்ததை நாய்க்குப் போடும்போது அளவு சற்றுக் கூடினாலும் நடுக்கம், பார்வையிழப்பு, சுயநினைவிழப்பு வரை போகலாம். பருத்திக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிச் சொல்லவே மனம் பதைக்கிறது. அந்த வகை நஞ்சுகள் தோல் வழியாகவே உடலுக்குள் புகும். நாயைக் குளிப்பாட்டும் உங்கள் கையும், அதைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் உடலும் அதற்குத் தப்பாது. வாயில் நுரை தள்ளி, உடல் வெட்டி வெட்டி இழுக்கும் நிலையில் அப்படிக் கொண்டுவரப்பட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? இன்று கிடைப்பவற்றுள் மிகவும் வலுவானவை வாய்வழி கொடுக்கும் மாத்திரைகள். அஃபோக்சோலனர், சரோலனர் போன்றவை ஒரு மாதம் வரை பலன் தருகின்றன. ஃபுளூரலனர் சுமார் 12 வாரங்கள் வேலை செய்கிறது. நாயைக் கடிக்கும் உண்ணியும் தெள்ளும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் செத்துவிடும். குளிப்பாட்டினாலும் மருந்து போகாது. பிள்ளைகளின் கையில் ஒட்டவும் ஒட்டாது. உங்கள் வீட்டுக்கு இதுவே பொருத்தம் என்று முதல் பக்கத்தைப் படித்தபோது நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில் வலிப்பைப் பற்றிப் படித்ததும் தயங்கினேன். இந்த வகை மாத்திரைகள் சில நாய்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்கு அவை பாதுகாப்பானவை என்றாலும், முன்பே வலிப்பு வந்த நாய்க்குக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

குட்டிப் பருவத்தில் ஒரே ஒருமுறை வந்த வலிப்புக்குக் குடற்புழு, இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது என எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். அதை மட்டும் வைத்து மாத்திரை கூடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் என் பொறுப்பில் இருந்தால், முதலில் சொட்டு மருந்தை முறைப்படி மீண்டும் போட்டு, மாதம் தவறாமல் தொடர்ந்து, கூடவே மருந்தேற்றிய கழுத்துப்பட்டை ஒன்றையும் அணிவிக்கலாமா என்று பார்ப்பேன். அதில் போதிய பலன் இல்லையென்றால் மட்டுமே மாத்திரைக்குப் போவேன். உங்கள் மருத்துவர் நாயை நேரில் பார்த்து வேறுவிதமாக முடிவெடுத்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஆனால் வலிப்பைப் பற்றி அவரிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். அவராகக் கேட்பார் என்று இருந்துவிடாதீர்கள்.

பூனை இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. மருந்து போட்ட நாயின் மேல் உரசிப் படுத்தாலே அதற்கு ஆபத்து. டெல்டாமெத்ரின் பட்டையும் பூனை உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று. இமிடாகுளோபிரிட்டும் ஃபுளூமெத்ரினும் சேர்ந்த பட்டை பூனைக்கென்றும் தனி அளவில் தயாரிக்கப்படுகிறது. எட்டு மாதம் வரை பலன் தரும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மீந்து தொங்கும் நுனியைக் கத்தரித்துவிட வேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படுத்தும் அமிட்ராஸ் கரைசலை, நோயுற்றுச் சோர்ந்திருக்கும் இந்த நிலையில் கருவாயனுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அது இதயத் துடிப்பைக் குறைத்து நாயை மேலும் மயக்கத்தில் ஆழ்த்தும்.

பகை இருப்பது சுவரில்

இதுவரை நீங்கள் நாயின் உடலோடு மட்டுமே போராடியிருக்கிறீர்கள். உண்ணியின் வாழ்வில் பெரும்பகுதி நாயின் மேல் கழிவதில்லை. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, எட்டுக்கால் இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவத்திலும் அது நாயின் மேல் ஏறிச் சில நாட்கள் இரத்தம் குடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடும். பிறகு விரிசலுக்குள் ஒளிந்து தோலுரிக்கும். முதிர்ந்த பெண் அப்படி இறங்கி ஒளிந்த இடத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே தடவையில் இட்டுவிட்டுச் சாகும். இந்த இன உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. நீங்கள் விட்டத்தின் ஓரத்தில் பார்த்தது அதனால்தான். இந்த வட்டம் நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். இரை கிடைக்காவிட்டாலோ, முதிர்ந்த உண்ணி ஓர் ஆண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

தெள்ளின் வழி சற்று வேறு. முதிர்ந்த தெள்ளு நாயின் மேலேயே தங்கி நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் இடும். அவை உதிர்ந்து பாயிலும் தரையிடுக்கிலும் பொரிக்கும். நாயின் மேல் நீங்கள் காண்பது மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் மட்டுமே. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, காலடி அதிர்வும் உடல் வெப்பமும் பட்டவுடன் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலில் தெள்ளு ஏறுவது இதனால்தான். நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்றவை ஒட்டியிருந்தால் அது தெள்ளின் மூலம் வந்த நாடாப்புழு. தெள்ளைத் தவறி விழுங்கும் குழந்தைக்கும் அது வரலாம் என்பதால் நாய்க்குக் குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

நாய் படுக்கும் சாக்கு, துணி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்; மிகவும் பழையதானால் எரித்துவிடுங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி, மின் பலகையின் ஓரம், கட்டிலின் மூட்டுகள், படங்களின் பின்புறம், திரைச்சீலையின் மடிப்பு என்று உயரமான இடங்களிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். வேக்குவம் கிளீனர் இரவல் கிடைத்தால் மிகவும் நல்லது. உறிஞ்சிய தூசியை உடனே உறையில் கட்டி வெளியேற்றிவிட வேண்டும்.

விரிசல்களை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். எந்த மருந்தைவிடவும் இது நீண்ட காலம் நிற்கும் என்பது என் அனுபவம்.

பூச்சி ஒழிப்பாளரை வரவழைத்தால், "கரப்பானுக்கு அன்று, உண்ணிக்கு" என்று சொல்லிச் சுவர் விரிசலிலும் விட்டத்தின் ஓரத்திலும் தெளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தெளிக்க வேண்டும், ஏனென்றால் முதல் தெளிப்பில் முட்டைகள் தப்பிவிடும். மருந்து நன்றாகக் காயும் வரை பிள்ளைகள், மாமியார், நாய், பூனை எல்லோரும் வெளியே இருக்க வேண்டும். அந்த மருந்துகள் பூனைக்கும் மீனுக்கும் மிகவும் கேடானவை என்பதால் பூனையை ஒரு நாள் உறவினர் வீட்டில் விட்டுவைப்பது நல்லது.

வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி

நாயைக் கொடுத்துவிட்டால் உண்ணி போய்விடும் என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அது உண்மைக்கு நேர்மாறானது. இன்று உங்கள் சுவருக்குள் இருக்கும் உண்ணிகள் கருவாயனைத் தேடித்தான் இறங்குகின்றன. அவன் இல்லாமல் போனால் அவை செத்துவிடுவதில்லை. பசியோடு இறங்கும்போது அவற்றுக்கு எட்டுவது பாயில் படுத்திருக்கும் உங்கள் பிள்ளைகள்தான். நாயை உறவினர் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம், அதற்கு அடுத்த மாதமே குழந்தைகளின் கையிலும் கழுத்திலும் கடித்தடத்தோடு என்னிடம் யோசனை கேட்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. மருந்து கொடுக்கப்பட்ட நாய் வீட்டில் இருந்தால், சுவரிலிருந்து அதன் மேல் ஏறும் ஒவ்வோர் உண்ணியும் முட்டையிடும் முன்பே சாகிறது. உங்கள் வீட்டிலுள்ள உண்ணியைக் குறைக்கக்கூடிய முதன்மையான கருவியே கருவாயன்தான்.

நான் வழக்கறிஞர் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பட்டினியிலோ தாகத்திலோ வாட நேரும்படி தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை வீட்டுக்காரருக்குப் பணிவாகத் தெரிவிக்கலாம். சண்டையாக அதைத் தொடங்க வேண்டாம். மருத்துவரின் சீட்டைக் காட்டி, எந்தத் தேதியில் என்ன மருந்து, என்றைக்குத் தெளிப்பு என்பதை எழுதிக் கொடுங்கள். உண்ணி அவருடைய சுவரில் இருப்பதால், நீங்கள் காலி செய்தாலும் அடுத்து வருபவரையும் கடிக்கும் என்பதை எடுத்துச் சொல்லி, விரிசல் அடைக்கும் செலவில் பாதியையாவது ஏற்கும்படி கேட்டுப் பாருங்கள். வாசற்படியில் படுக்கும் தெருநாய்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கருவாயனுக்கு மருந்து தொடரும் வரை அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அவற்றை அடித்து விரட்டுவதாலும் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு அவற்றுக்கும் சோற்றில் வைத்து மருந்து கொடுக்க முடிந்தால் உங்கள் வாசலுக்கே நல்லது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் முதல் சில வாரங்களுக்கு உண்ணி தென்படத்தான் செய்யும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி, ஒன்றின் மேல் ஒன்றாகப் புது மருந்துகளைப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. நாள்தோறும் மாலையில் கருவாயனின் காதுக்குள், காது மடிப்பில், கழுத்துப்பட்டையின் அடியில், கால்விரல்களின் இடுக்கில், அக்குளில், தொடையிடுக்கில், வாலின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கருநிற நாய்க்குக் கண்ணைவிட விரல்தான் நம்பகம். கிடைத்த உண்ணிகளின் எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் இறங்க வேண்டும். ஆறாவது வாரத்திலும் இறங்கவில்லையென்றால் அந்த நாட்காட்டியையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு அவனைப் பிள்ளைகளின் பாயருகே படுக்க விடாதீர்கள். சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, கூடத்தின் நடுவே, கழுவித் துடைக்கக்கூடிய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு அதில் படுக்க வையுங்கள். பிள்ளைகள் பகலில் அவனோடு இருக்கலாம். இரவு படுக்கும் முன் அவர்களின் தலைமயிரையும் காதுமடலின் பின்புறத்தையும் நீங்கள் பார்த்துவிட வேண்டும். நாட்காட்டியில் தொடர்ந்து நான்கு வாரம் சுழியம் என்று எழுதிவிட்டீர்களானால், அடுத்த நாளே அவன் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.